பொதுச்சுவரை வெட்டாமல் ஓர் அறையைப் புதுப்பிக்கும் வேலை

வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் எங்களுடையது நடுவில் இருக்கிறது. இரண்டு பக்கமும் பொதுச்சுவர். வலப்பக்கம் ஒன்பது அங்குலம், பிரச்சினை இல்லை. இடப்பக்கம் நாலரை அங்குலம்தான். பக்கத்து வீட்டு அக்கா போனில் பேசினால் பாதி உரையாடல் எங்களுக்கும் சேர்த்துதான். அந்தச் சுவரை ஒட்டிய சின்ன அறையை, சத்தம் குறைத்து உட்கார்ந்து வேலை பார்க்கிற மாதிரி மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஆள் வைக்கவில்லை, விடுமுறை கிடைக்கும்போது நானே செய்கிறேன். இதுவரை நடந்தது இது.

முதலில் சுவரின் கனம். துளை போட்டுப் பார்க்கத் தேவையில்லை. எங்கள் வாசல் நிலையின் ஓரத்திலிருந்து அக்கா வீட்டு நிலையின் ஓரம் வரை வெளியே அளந்தேன். உள்ளே இரண்டு வீட்டிலும் நிலையிலிருந்து பொதுச்சுவர் வரை அளந்து அதிலிருந்து கழித்தேன். பூச்சோடு சேர்த்து 140 மில்லிமீட்டர் வந்தது. பூச்சைத் தள்ளினால் செங்கல் 110 மி.மீ. அளவுதான்.

அந்த 110 தெரிந்ததும் பாதி முடிவுகள் தாமாகவே வந்துவிட்டன. சுவரில் காடி, அதாவது ஒயர் பைப் பதிக்க நீளப் பள்ளம், எடுப்பதற்கு ஒரு கணக்கு உண்டு: செங்குத்தாக வெட்டினால் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆழம் போகக் கூடாது, படுக்கையாக வெட்டினால் ஆறில் ஒரு பங்கு. நம் சுவருக்குப் படுக்கைக் காடி 18 மி.மீ. சாதாரண 20 மி.மீ. ஒயரிங் பைப் கூட அதில் அடங்காது. படுக்கைக் காடிக்கு ஏன் இவ்வளவு கறார் என்றால், மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்குகிற கனத்தை அது ஒரே வரியில் நீளத்துக்கும் குறைத்துவிடுகிறது. ஆகவே இந்தச் சுவரில் காடியே கிடையாது என்று முடிவு செய்தேன். ஒயரிங் எல்லாம் குறுக்குச் சுவருக்குப் போய்விட்டது. ஏற்கெனவே இருந்த சுவிட்ச் பாக்ஸை மட்டும் எடுக்க வேண்டியிருந்தது. அதற்கு நேர் பின்னால் அக்கா வீட்டிலும் ஒரு பாக்ஸ். நடுவில் மிஞ்சியது ஒரு செங்கல் சில்லும் கொஞ்சம் கலவையும். சத்தம் எந்த வழியாக வந்தது என்பதற்கு வேறு ஆராய்ச்சி தேவைப்படவில்லை.

கை வைப்பதற்கு முன் அக்காவிடம் சொல்லி, அவர்கள் பக்கச் சுவரை இருவருமாக நின்று மூலைக்கு மூலை படம் எடுத்துக்கொண்டோம். ஏற்கெனவே இருந்த இரண்டு மயிரிழை விரிசலில் பென்சிலால் தேதி போட்டோம். “நீ என்னவோ பண்ணிக்கோப்பா, என் பக்கம் பூச்சு விழாம இருந்தா சரி” என்றார். சில நாடுகளில் பொதுச்சுவரை வெட்டவோ குடையவோ பக்கத்து வீட்டாருக்கு எழுத்தில் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. சட்டம் இல்லாத இடத்திலும் அந்தப் படங்கள் இருவருக்கும் நல்லது.

அப்புறம் பூச்சைத் தட்டிப் பார்த்தேன். சுத்தியல் பிடியால் ஒரு சாண் இடைவெளியில் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தால், பிடிப்பு விட்ட இடம் பொக்கென்று ஒலிக்கும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு, உளியைச் சாய்த்துப் பிடித்துக் கையாலேயே பெயர்த்தேன். சிப்பிங் மெஷினை இந்த அறைக்குள் கொண்டுவரவே இல்லை. மெல்லிய சுவரில் அதன் அதிர்வு நேராக அடுத்த பக்கப் பூச்சுக்குத்தான் போகும்.

பூச்சு போன இடத்தில் தெரிந்தது சுவாரசியம். செங்கல்லின் படுக்கை இணைப்புகளில் கலவை நிறைந்திருந்தது. செங்குத்து இணைப்புகளில் பல இடத்தில் முகப்பில் மட்டும் ஒரு பூச்சு, உள்ளே வெறும் இடுக்கு. பழைய சைக்கிள் ஸ்போக் ஒன்றை நுழைத்தேன். மூன்று அங்குலத்துக்கு மேல் தடையே இல்லாமல் போய், அக்கா வீட்டுப் பூச்சின் முதுகில் முட்டி நின்றது. சுவரின் தலைப்பிலும் இதே கதைதான். கான்கிரீட் தளத்துக்கும் கடைசி வரிசைச் செங்கல்லுக்கும் நடுவில் விரல் நுழையும் சந்து. கட்டும்போது கடைசி வரிசையில் கலவை திணிப்பது சலிப்பான வேலை, அவசரத்தில் விட்டுவிடுவார்கள் போல.

இந்த இடுக்குகளைச் சின்ன விஷயம் என்று விட முடியாது. ஒரு சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதிச் சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. இருபக்கமும் ஒழுங்காகப் பூசிய நாலரை அங்குலச் சுவர் ஏறக்குறைய 45 டெசிபல் தடுக்க வேண்டியது. ஆகவே பெரிய செலவுகளை யோசிக்கும் முன் அடைப்பு வேலை. இடுக்கைத் தூசு போகத் துடைத்து, தண்ணீர் தெளித்து, கெட்டிக் கலவையை மெல்லிய கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகத் திணித்தேன். பாக்ஸ் இருந்த குழிக்கு உடைத்த செங்கல்லும் கலவையும். பிறகு மொத்தமாகப் பூச்சு. 13 மி.மீ. சிமென்ட் பூச்சு சதுர மீட்டருக்குச் சுமார் 25 கிலோ. அந்தக் கனமும் சுவருக்குச் சேர்மானம்தான்.

பூச்சு காய்ந்ததும் வித்தியாசம் தெரிந்தது. முன்பு அக்கா வீட்டு டிவியில் செய்தி வாசிப்பது சொல் சொல்லாகப் புரியும். இப்போது யாரோ பேசுகிறார்கள் என்று மட்டும் தெரிந்தது. இதோடு நிறுத்தியிருந்தாலும் பலருக்குப் போதும்.

நிறுத்தாததற்குக் காரணம் இன்னும் தாண்டி வந்த தாழ்ந்த தொனிகள். கனத்தை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது 5, 6 டெசிபல்தான். இன்னொரு நாலரை அங்குலம் கட்ட அறையில் இடமும் இல்லை, தளத்துக்கு அந்தப் பாரமும் வேண்டாம். அப்போதுதான் பொதுச்சுவரை ஒட்டாமல் அதற்கு முன்னால் நிற்கிற தனி உள்சுவர் என்ற யோசனை. இங்கே நிறையப் பேர் செய்வது, ஜிப்சம் போர்டைப் பசை உருண்டை வைத்து நேராகச் சுவரில் ஒட்டுவது. பார்க்க அழகாக இருக்கும், சத்தத்துக்குப் பிரயோஜனம் இல்லை, சில தொனிகளில் முன்னைவிட மோசமாகவும் ஆகும். போர்டு, நடுவில் மாட்டிய காற்று, சுவர் மூன்றும் சேர்ந்து ஒரு தொனியில் கூடி அதிரும். 12 மி.மீ. இடைவெளியில் ஒற்றைப் போர்டுக்கு அந்தத் தொனி 175 ஹெர்ட்ஸ் பக்கம் வருகிறது, அதாவது ஆண்குரலின் எல்லைக்குள்ளேயே. இடைவெளியை 75 மி.மீ. ஆக்கி இரட்டைப் போர்டு போட்டால் அது 50 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும்.

அதையே செய்தேன். சுவரிலிருந்து 25 மி.மீ. தள்ளி 50 மி.மீ. இரும்பு ஸ்டட் (போர்டைத் தாங்க நிறுத்தும் சட்டம்) வரிசை. பிடிமானம் தரையிலும் தளத்திலும் மட்டும், பொதுச்சுவரில் ஒரு ஸ்க்ரூ கூட இல்லை. தரைச் சேனலுக்கு அடியில் ரப்பர் பட்டை. ஸ்டட்களுக்கு நடுவில் ராக்வுல் என்கிற கல் இழைப் பஞ்சு, அமுக்காமல். மேலே 12.5 மி.மீ. போர்டு இரண்டு அடுக்கு, ஒன்றின் இணைப்பு மற்றதன் இணைப்பின் மேல் விழாதபடி. நாலு பக்கமும் 5 மி.மீ. விட்டு, இறுகிப்போகாத சீலன்ட் (சந்தை அடைக்கும் பசை) நிரப்பினேன். முழுக்க முழுக்க இந்த சீலன்ட்தான் வேலையின் உயிர். போர்டு ஓரம் பக்கச் சுவரில் எங்காவது இடித்துக்கொண்டிருந்தால் அதிர்வு அந்த வழியாகச் சுற்றி வந்துவிடும். அறை நாலு அங்குலம் சுருங்கியது, அவ்வளவுதான்.

மூடுவதற்கு முன் ஈரம் பார்த்துவிடுவது முக்கியம். பாலிதீன் தாளை நாலு ஓரமும் டேப்பால் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விட வேண்டும். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் நீர் முத்து கோத்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப்பக்கம் கோத்தால் அது அறைக் காற்றின் ஈரம். என் சுவர் புதுப் பூச்சானதால் முதல் சோதனையில் உள்பக்கம் பனித்தது. நன்றாகக் காயவிட்டு, மறுபடி ஒட்டிப் பார்த்துவிட்டுத்தான் ராக்வுல் வைத்தேன். ஈரத்தோடு மூடினால் பூஞ்சணம் நிச்சயம்.

ஸ்டுடியோக்களில் இருக்கிற முட்டை அட்டை மாதிரி ஃபோமை ஒட்டச் சொல்லி யோசனை சொல்லாத நண்பர் இல்லை. அது அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும். சுவரைத் தாண்டும் சத்தத்துக்கு அதில் கனமே கிடையாது.

இப்போதைய நிலை: அக்கா வீட்டுப் பேச்சு எங்களுக்குக் கேட்பதில்லை. அலமாரிக் கதவைப் படீரென்று சாத்தினால் கேட்கிறது, அது தரை வழியாக வருவது. என் புத்தக அலமாரியை உள்சுவரில் மாட்டும் ஆசையையும் விட்டுவிட்டேன், தரையில் நிற்கிற மாதிரி செய்யப் போகிறேன். அக்காவிடம் அவர்கள் சமையலறை மேடைக்கும் சுவருக்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பேசியிருக்கிறேன். மிக்சிக்கு அடியில் கனமான ரப்பர் வைத்ததில் அந்த உறுமல் பாதியாகக் குறைந்திருக்கிறது.

மிச்சம் இருப்பது மாடிப்படி. அதன் ஒரு பக்கம் இதே நாலரை அங்குலச் சுவரில் செருகியிருக்கிறது. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இறங்கி ஓடும்போது அக்கா வீட்டுக்கு எப்படிக் கேட்கும் என்று ஒருநாள் அங்கே போய் உட்கார்ந்து கேட்டேன். அங்கே உள்சுவர் எழுப்பினால் படி குறுகிவிடும். படிகளின் மேல் தடித்த ரப்பர் அடித்தளத்தோடு விரிப்பு போட்டு, மிதி விழும்போதே அதிர்வைக் குறைக்க முடிகிறதா என்று முதலில் நாலைந்து படிகளில் மட்டும் ஒட்டிப் பார்க்கப் போகிறேன். எந்தப் படிகள் என்று அக்காவிடம் சொல்லாமல், அவர் காதாலேயே கண்டுபிடிக்கிறாரா பார்க்க வேண்டும்.