கடைக்காரரின் கையேடு

1930களின் 'அப்பேரல் ஆர்ட்ஸ்' பக்கம் ஒன்று இன்று ஃபீடில் வந்தது. கோட்டுத் துணியின் நிஜத் துண்டையே ஒட்டியிருக்கிறார்கள்!

அமெரிக்க ஆண்கள் உடைக் கடைகளுக்காக 1931இல் தொடங்கிய தொழில் இதழ். இதைக் காட்டித்தான் கடைக்காரர் ஆர்டர் பிடிப்பார். சிக்கல் என்னவென்றால், வாடிக்கையாளர்கள் இதழையே தூக்கிக்கொண்டு போனார்கள். (பின்னாளில் 'ஜிக்யூ' என்ற ஆண்கள் இதழ் ஆனது இதுதான்.)

அந்த ஆர்வத்தை நம்பி அதே குழு 1933இல் 'எஸ்குயர்' என்ற ஆண்கள் இதழைக் கொண்டுவந்தது. விலை 50 சென்ட். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் கொழுத்த விலைதான். ஆனால் உள்ளே உடையோடு எழுத்தாளர் ஹெமிங்வேயும் இருந்தார்.

1953இல் 'பிளேபாய்' இதழ். உடை பின்னுக்குப் போய் பெண்ணுடல் முன்னுக்கு வந்தது.

1994இல் பிரிட்டனின் 'லோடட்' இதழ் பீர், கால்பந்து, கேலி என்று இறங்கியது. அதையெல்லாம் போன் இலவசமாகத் தரத் தொடங்கியதும் யார் காசு கொடுப்பார்கள்? 2015இல் அச்சு நின்றது.