கொக்கோ கேள்விக்கு நான் படித்த விதம்

முதுகலை வரலாற்றில் உலக நாகரிகங்கள் தாளுக்கு முதல் தடவை படித்தபோது, நடு அமெரிக்காவின் மாயர்களும் மெக்சிகோவின் அஸ்டெக்குகளும் கொக்கோவை (சாக்லேட் செய்யும் விதை) எப்படிப் பயன்படுத்தினார்கள் என்ற கேள்விக்கு ‘பணம், பானம், சடங்கு’ என்று மூன்று தலைப்பு போட்டு மனப்பாடம் செய்தேன். தேர்வில் அந்தக் கேள்வியே வந்தது, மதிப்பெண்தான் வரவில்லை. மாயர்களையும் அஸ்டெக்குகளையும் ஒரே காலத்து மக்கள்போல எழுதியிருந்தேன். மாயர்களின் செவ்வியல் காலம் பொ.ஆ. 250 முதல் 900 வரை. அஸ்டெக் பேரரசோ 15-ஆம் நூற்றாண்டில்தான் எழுந்தது.

அடுத்த தடவை தலைப்புகளை விட்டுவிட்டு, ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு சான்றைப் பிடித்துக்கொண்டேன். மாயர்களுக்கு, குவாத்தமாலாவில் ரியோ அசூல் கல்லறையில் 1984-இல் கிடைத்த மூடியுள்ள ஜாடி. அதன்மேல் ‘ககாவ்’ என்றே எழுதியிருக்கிறது; உள்ளே படிந்திருந்ததைச் சோதித்தபோது கொக்கோவின் தடயம் கிடைத்தது. இறந்தவரோடு வைத்து அனுப்பும் அளவுக்கு மதிப்பான பானம் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமா? மாயர்களின் இன்னொரு குவளையில் வரைந்த படத்தில் ஒரு பெண் டீ ஆற்றுவதுபோல உயரத்திலிருந்து ஊற்றுகிறாள். நுரை எழுப்பத்தான் அப்படி. இன்றைய இனிப்புச் சாக்லேட்டை நினைத்துக்கொண்டு எழுதிவிடாதீர்கள். அவர்கள் மிளகாயும் மக்காச்சோளமும் சேர்த்துக் குடித்தார்கள்.

அஸ்டெக் பகுதியில்தான் எனக்குப் பிடித்த கணக்கு வருகிறது. தலைநகர் டெனோச்டிட்லான் இருந்த மேட்டுநிலத்தின் குளிரில் கொக்கோ விளையாது. அதனால் பசிபிக் கரையோர ஷோகோனொச்கோவிலிருந்து கப்பமாக வாங்கினார்கள். அஸ்டெக் கப்பங்களைப் பட்டியலிடும் மெண்டோசா சுவடியில் அந்தக் கப்பம் 200 சுமை. ஒரு சுமைக்கு 24,000 விதை. அவர்கள் இருபது இருபதாக எண்ணுபவர்கள்: 20, 400, 8,000. மூன்று 8,000 ஒரு சுமை. இந்தப் பெருக்கலை ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள், எண் மறக்காது. 200 சுமை என்றால் 48 லட்சம் விதை! பேரரசு ஏன் அவ்வளவு தொலைவான கரையைப் பிடித்து வைத்திருந்தது என்பதும் அதிலேயே புரியும். அந்தப் பானம் பெரும்பாலும் பிரபுக்களுக்கும் போர்வீரர்களுக்கும் நெடுந்தூர வணிகர்களுக்கும்தான். சாதாரண மக்கள் கையில் விதை சில்லறையாகப் புழங்கியது. தோலுக்குள் வேறு எதையாவது அடைத்துக் கள்ள விதை விற்றவர்களும் இருந்தார்கள்.

மெக்சிகோவில் உள்ள திலாஷ்கலாவின் 1545 விலைப்பட்டியலையும் எழுதலாம்: ஒரு வான்கோழி முட்டை 3 விதை, ஒரு தமாலே (மக்காச்சோள மாவைப் பொதிந்து வேகவைத்த பண்டம்) 1 விதை. ஆனால் அது ஸ்பானியர் 1521-இல் வென்ற பிறகு எழுதப்பட்டது. அதைச் சொல்லாமல் எழுதினால் நான் செய்த அதே காலக் குழப்பம்தான்.

அப்புறம், கொக்கோவை மாயர்கள் கண்டுபிடித்தார்கள் என்று தொடங்காதீர்கள். ஈக்வடாரின் அமேசான் சரிவில் சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முன்பே அது பயன்பட்ட சான்று இருக்கிறது. நான் இரண்டாம் தடவை விடையின் ஓரத்தில் ஈக்வடார், ரியோ அசூல், ஷோகோனொச்கோ, டெனோச்டிட்லான் நான்கையும் குறித்து ஒரு சின்ன வரைபடம் போட்டேன். இரண்டு நிமிட வேலைதான். ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் காலத்தையும் எழுதிவிட்டேன்.