உடன்படிக்கையை வெட்டுவது

ஆதியாகமம் 15:18-இல் ‘கர்த்தர் ஆபிராமோடே உடன்படிக்கைபண்ணி’ என்று வாசிக்கிறோம் (ஆபிராம்தான் பின்னாளில் ஆபிரகாம்). எபிரெயத்தில் அந்த இடத்தில் இருக்கும் வினைச்சொல் ‘காராத்’. அதற்கு வெட்டுதல் என்று பொருள். எதை வெட்டினார்கள், துண்டுகளின் நடுவே யார் நடந்தார் என்று பார்க்காமல் இந்த அதிகாரத்தைக் கடந்துவிட்டால், பின்னால் வரும் வாக்குத்தத்தங்கள் எல்லாமே கலங்கலாகத்தான் தெரியும்.

6-ஆம் வசனத்தில் ஆபிராம் விசுவாசிக்கிறான். 8-ஆம் வசனத்தில் அவனே, வாக்களிக்கப்பட்ட தேசத்தைக் குறித்து, ‘நான் சுதந்தரிப்பேன் என்று எதினால் அறிவேன்’ என்று கேட்கிறான். அதற்குக் கண்டிப்பு வரவில்லை, ஒரு சடங்குதான் பதிலாக வருகிறது. மூன்று வயதுக் கிடாரி, மூன்று வயது வெள்ளாடு, மூன்று வயது ஆட்டுக்கடா, ஒரு காட்டுப்புறா, ஒரு புறாக்குஞ்சு. முதல் மூன்றையும் நடுவாகத் துண்டித்து எதிரெதிராக வைக்கிறான்; பறவைகளைத் துண்டிக்கவில்லை.

இதன் பொருளை அந்த அதிகாரம் சொல்வதில்லை, எரேமியா 34 சொல்கிறது. யூதாவின் ராஜாவாகிய சிதேக்கியாவின் காலத்தில் எருசலேமின் பிரபுக்கள் எபிரெய அடிமைகளை விடுதலை செய்வதாகக் கன்றுக்குட்டியை இரண்டாக வெட்டி, துண்டுகளின் நடுவே கடந்துபோனார்கள். பிறகு அதே அடிமைகளைத் திரும்பப் பிடித்துக்கொண்டார்கள். உங்கள் பிரேதங்கள் பறவைகளுக்கும் மிருகங்களுக்கும் இரையாகும் என்பதே அவர்களுக்குக் கிடைத்த தீர்ப்பு. ஆக, நடுவே நடப்பவர் ‘மீறினால் எனக்கும் இந்தக் கதி’ என்று தன்மேலேயே சாபத்தை ஏற்றுக்கொள்கிறார். சிரியாவில் கிடைத்த கி.மு. 8-ஆம் நூற்றாண்டின் செஃபீரே கல்வெட்டிலும், இந்தக் கன்று வெட்டப்படுவதுபோல உடன்படிக்கையை மீறும் அரசனும் வெட்டப்படுவான் என்று எழுதியிருக்கிறது.

ஆபிராமோ அயர்ந்த நித்திரையில் கிடக்கிறான். புகைகிற சூளையும் அக்கினி ஜுவாலையும் மட்டுமே துண்டங்களின் நடுவே போகின்றன. (இந்தச் ‘சூளை’ எபிரெயத்தில் ‘தன்னூர்’, ரொட்டி சுடும் அடுப்பு. யாத்திராகமம் 19:18-இல் சீனாய் மலையின் புகையைச் சொல்லும்போது வரும் சூளை வேறு சொல்.) இருவரும் நடந்தார்கள் என்று பிரசங்கிப்பவர்கள் உண்டு. வசனம் அதற்கு இடம் தரவில்லை. அந்தச் சூளையும் ஜுவாலையும் தேவனுடைய பிரசன்னத்தின் அடையாளம்; ஆணையின் பாரம் முழுவதும் அவர் பக்கத்தில்தான் நிற்கிறது.

மோசேயின் காலத்தில் சீனாயில் இஸ்ரவேலரோடு பண்ணின உடன்படிக்கையை இதோடு கலக்கக் கூடாது. யாத்திராகமம் 24-இல் இரத்தத்தில் பாதி பலிபீடத்தின்மேல், பாதி ஜனங்கள்மேல். ‘செய்வோம்’ என்று அவர்களும் வாய்திறந்து ஒப்புக்கொள்கிறார்கள். மோசே மலையில் இருந்த நாற்பது நாளுக்குள் பொன் கன்றுக்குட்டி வந்துவிட்டது. அப்போது அவன் எதைப் பிடித்துக்கொண்டு மன்றாடினான் என்பதைத்தான் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். ஜனங்கள் சொன்ன ‘செய்வோம்’ என்ற வார்த்தையை அவன் எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் அதுவே அவர்களுக்கு எதிரான சாட்சி. ‘உமது தாசராகிய ஆபிரகாமையும் ஈசாக்கையும் இஸ்ரவேலையும் நினைத்தருளும்’ என்று, தேவன் தம்மைக்கொண்டே இட்ட ஆணையை அவர் முன் வைக்கிறான் (32:13). லேவியராகமம் 26-உம் அப்படித்தான்: மீறுதலுக்கான தண்டனைகளை அடுக்கி முடித்த பிறகு, 42-ஆம் வசனத்தில் யாக்கோபு, ஈசாக்கு, ஆபிரகாம் என்று பின்னோக்கிப் போய் அந்த உடன்படிக்கையைத் தொடுகிறது.

தேவன் வாக்கில் உண்மையுள்ளவர் என்றால் உடனே நிறைவேற்றுவார் என்று எடுத்துக்கொள்வது இன்னொரு பிழை. ஆபிராமின் சந்ததி அந்நிய தேசத்தில் அடிமைப்பட்டிருக்கும் 400 வருஷக் கணக்கு அன்றே சொல்லப்பட்டுவிட்டது, அந்தத் தேசத்தில் குடியிருந்த எமோரியரின் அக்கிரமம் இன்னும் நிறைவாகவில்லை என்ற காரணத்தோடு. சாராளை அடக்கம்பண்ண, வாக்களிக்கப்பட்ட அதே தேசத்தில் ஆபிரகாம் 400 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து நிலம் வாங்கினான்.

உன் சிங்காசனம் என்றென்றும் நிலைபெறும் என்று தாவீது ராஜாவுக்குக் கொடுத்த வாக்கைச் சொல்லும் 2 சாமுவேல் 7-இல் உடன்படிக்கை என்ற சொல்லே இல்லை. அந்தப் பெயரை அதற்கு இடும் இடங்களில் ஒன்று சங்கீதம் 89. ‘ஹெசெத்’ (கிருபை), ‘எமூனா’ (உண்மை) இரண்டும் அதில் ஏழேழு முறை வருகின்றன. பாதிக்கும் மேல் துதி. அப்புறம் 39-ஆம் வசனத்தில், உமது அடியானுடன் பண்ணின உடன்படிக்கையை ஒழித்துவிட்டீர் என்று நேருக்கு நேர் குற்றச்சாட்டு. இது அவிசுவாசம் அல்ல. ஆணையிட்டவரிடம் ஆணையைக் காட்டிக் கேட்க உடன்படிக்கையே உரிமை தருகிறது. ஏழாவது ‘ஹெசெத்’தும் ஏழாவது ‘எமூனா’வும் 49-ஆம் வசனத்தின் ஒரே கேள்விக்குள் இருக்கின்றன: தாவீதுக்கு உமது உண்மையைக்கொண்டு ஆணையிட்ட பூர்வ கிருபைகள் எங்கே? சங்கீதம் அதற்குப் பதில் தரவில்லை. 52-ஆம் வசனத்தின் ‘ஆமென், ஆமென்’ அந்தக் கேள்விக்குப் பதில் அல்ல, சங்கீதங்களின் மூன்றாம் பாகத்தை முடித்துவைக்கும் துதி.