இறப்புக் கணக்கை எழுதுகிறவர்கள்

கோழிப் பண்ணைக்குள் போனதும் கோழியைப் பார்க்காதே, முதலில் பதிவேட்டைப் பார் என்று என்னைப் பழக்கியவர் ஒரு மூத்த கால்நடை மருத்துவர். பறவைக் காய்ச்சல் சந்தேகத்தில் சில பண்ணைகளுக்குப் போய்வந்த பிறகுதான் அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. கொண்டை நீலம் பாய்ந்து, முகம் வீங்கி, கால் தோலுக்கடியில் ரத்தம் கட்டிய கோழியை யார் வேண்டுமானாலும் அடையாளம் காட்டிவிடலாம். அதற்கு முன்பே தீவனம் மிஞ்சத் தொடங்கியிருக்கும், தண்ணீர் குடிப்பது குறைந்திருக்கும், முட்டை இறங்கியிருக்கும். இறப்பு எண்ணிக்கை நேற்றைவிடப் பல மடங்கு ஏறியிருக்கும். சில பதிவேடுகளில் அந்த நாளின் கட்டம் மட்டும் காலியாகக் கிடக்கும். என் அனுபவத்தில் அதைவிடப் பெரிய அறிகுறி வேறு இல்லை.

கூண்டில் வளரும் முட்டைக்கோழிகளில் இந்த நோய் பெரும்பாலும் ஒரு மூலையில் ஆரம்பித்து வரிசை வரிசையாக நகரும். தரையில் வளர்ப்பவற்றில் வேகம் இன்னும் அதிகம். அதனால் கூண்டுப் பண்ணைக்காரருக்கு முதல் நாளில் 'அந்தக் கோடியில் ஏதோ கொஞ்சம் சாகுது' என்றுதான் தோன்றும். வெயில், மின்தடை, புதிதாக இறங்கிய தீவனம் என்று பழி போட ஏதாவது கிடைத்துவிடும். வெள்ளைக் கழிச்சல் என்ற இன்னொரு கோழி நோயும் கிட்டத்தட்ட இதே அறிகுறிகளோடு வரும். கண்ணால் பார்த்து இரண்டையும் உறுதியாகப் பிரிக்க எந்த டாக்டராலும் முடியாது. மூச்சுக்குழாயிலும் ஆசனவாயிலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, குளிர்ப்பெட்டியில் ஆய்வகத்துக்கு அனுப்பி, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனையின் முடிவு வந்த பிறகுதான் பேச்சு.

இதெல்லாம் நடக்க வேண்டுமென்றால் யாராவது கால்நடை மருத்துவர்களான எங்களுக்குப் போன் செய்ய வேண்டும். இந்த வேலையில் எனக்குப் பிடிபட்ட ஒரே பெரிய விஷயம் இதுதான்: கிருமி எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதை எங்களால் மாற்ற முடியாது, அந்த போன் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை மாற்ற முடியும்.

ஏன் தாமதமாகிறது? பண்ணைக்காரர்களைத் திட்டுவது சுலபம். அவர்கள் இடத்தில் நின்று பார்த்தால் கணக்கு வேறு. சொன்னால் பண்ணையிலுள்ள அத்தனை பறவைகளும் அழிக்கப்படும். சுற்றியுள்ள பண்ணைகளில் வாங்கல் விற்றல் நிற்கும், அக்கம்பக்கத்தார் முகம் திருப்புவார்கள். சாதாரண நோயாக இருந்துவிட்டால்? ஒரு நாள் பார்ப்போமே! இந்த ஒரு நாளில்தான் எல்லாம் நடக்கிறது. வியாபாரிக்கு அவசரமாக ஒரு லோடு போகும். எரு வண்டி வந்து போகும். முட்டை அட்டைகள் கைமாறும்.

இழப்பீட்டு விதி ஒன்று இங்கே வேலை செய்கிறது. பல நாடுகளில் அதிகாரிகள் அழிக்கும் உயிருள்ள பறவைகளுக்குத்தான் பணம், அதற்கு முன்பே செத்தவற்றுக்கு இல்லை. சீக்கிரம் சொல்லத் தூண்டும் விதி என்ற அளவில் சரிதான். ஆனால் அது பண்ணைக்காரர் காதுக்கு முன்கூட்டியே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். சாவு தொடங்கிய பிறகு நான் விளக்கினால், 'இதை ஏன் சார் முன்னாடியே சொல்லல?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி.

தாமதத்தின் விலைக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் அமெரிக்காவின் பென்சில்வேனியா. 1983 ஏப்ரலில் அங்கே பறவைக் காய்ச்சல் கிருமியின் ஒரு வகையான எச்5என்2 லேசான நோயாகத்தான் பரவியது. முட்டை குறைந்தது, கொஞ்சம் இருமல், கொஞ்சம் சாவு. சில மாதம் கழித்து, அக்டோபரில், அதே கிருமி கொல்லும் வடிவத்துக்கு மாறிவிட்டது. கடைசியில் சுமார் 1.7 கோடி பறவைகள் போயின. கிருமி தொற்ற அதன் மேற்புரதம் வெட்டித் திறக்கப்பட வேண்டும். லேசான வகைக்கு அதைச் செய்யும் நொதிகள் மூச்சுக்குழாயிலும் குடலிலும்தான் உண்டு. அதனால் அது அங்கேயே நிற்கும். வெட்டுப்படும் இடத்தில் சிறு மாற்றம் வந்துவிட்டால் உடலின் எல்லா உறுப்புகளிலும் உள்ள நொதிகளே அதைத் திறந்துவிடும். அப்போது மூளை, இதயம், கணையம் எதுவும் தப்பாது. எச்5, எச்7 வகைகள் என்றால் லேசான நோயைக்கூட அறிவிக்கப் பல நாடுகள் சொல்வது அதனால்தான்.

எல்லாரும் வானத்தைக் காட்டுவார்கள். வலசைப் பறவை கொண்டுவந்தது என்று. பொய்யில்லை. காட்டு வாத்துகள் கிருமியைச் சுமந்தபடி ஆரோக்கியமாகவே திரியக்கூடும். எச்சத்தில் வெளிவரும் கிருமி குளிர்ந்த நீரில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆனால் பண்ணைக்குள் வந்த பிறகு அது வாகனம் ஏறிவிடுகிறது. அமெரிக்காவில் 2015இல் சுமார் 5 கோடி பறவைகளைப் பலிகொண்ட தொற்றை ஆராய்ந்தவர்கள், பண்ணைகள் பகிர்ந்துகொண்ட கருவிகள், கழுவாத வண்டிகள், இரண்டு பண்ணைகளில் மாறி மாறி வேலை பார்த்த ஆட்கள் என்று காரணங்களை அடுக்கினார்கள். 2022இல் தொடங்கிய தொற்றில் பெரும்பாலான பண்ணைகளுக்கு அது நேரடியாகக் காட்டுப் பறவைகளிடமிருந்தே வந்திருக்கிறது. எனவே ஒரே பதிலைப் பிடித்துத் தொங்க முடியாது. இருந்தாலும் கொட்டகை வாசலில் செருப்பு மாற்றும் பழக்கம் இரண்டு வழியையும் கொஞ்சம் அடைக்கும். சுவரில் 'கிருமிநாசினியில் கால் நனைக்கவும்' என்று பெரிதாக எழுதியிருக்கும், கீழே தொட்டி வறண்டு கிடக்கும். அதில் சாணமும் சேறும் படிந்திருந்தாலும் பயனில்லை. அழுக்கு இருந்தால் மருந்து வேலை செய்யாது.

அழிப்பு நாட்களைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. முழு உடையும் முகக்கவசமும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு உள்ளே போனால் சிறிது நேரத்தில் கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. யார் யார் என்று தெரிய முதுகில் பேனாவால் பெயர் எழுதிக்கொள்வோம். பறவைகளைப் பிடித்துப் பெட்டியில் அடைத்து கரியமில வாயு செலுத்துவார்கள். கைவலியும் உடலின் சூடும்தான் முதலில் தெரியும், மற்றதெல்லாம் வீட்டுக்குப் போன பிறகு. இந்த உடையை யாராவது அலட்சியமாகக் கழற்றினால் நான் நெதர்லாந்து கதையைச் சொல்வேன். 2003இல் அங்கே எச்7என்7 பரவி சுமார் 3 கோடி பறவைகள் அழிந்தன. 89 பேருக்குத் தொற்று உறுதியானது, பெரும்பாலோருக்கு வெறும் கண் சிவப்பு. இறந்தது ஒருவர். அவர் நோய் தாக்கிய பண்ணைக்குப் போய்வந்த கால்நடை மருத்துவர்.

தடுப்பூசி போட்டால் என்ன என்று கேட்பார்கள். சீனா நெடுங்காலமாகப் போடுகிறது, பிரான்ஸ் 2023 அக்டோபரில் வாத்துகளுக்குத் தொடங்கியது. நோய் வெளியே தெரியாமல் கிருமி உள்ளே சுற்றலாம் என்ற பயத்தாலும், வாங்கும் நாடுகள் இறக்குமதியை மறுக்கும் என்பதாலும் வேறு பல நாடுகள் தயங்குகின்றன. தொடர் பரிசோதனைக்குப் பணமும் ஆளும் இருக்கிற இடத்தில் போடலாம் என்பது என் கட்சி.

அப்புறம், பண்ணை மாதக்கணக்கில் காலியாகக் கிடக்கிற காலம். கழுவி, காயவைத்து, மறுபடி சோதித்து, அனுமதி வந்த பிறகுதான் குஞ்சு இறங்கும். உரிமையாளருக்கு இழப்பீட்டுப் படிவமாவது இருக்கிறது. கொட்டகையில் வேலை பார்த்தவர்களுக்குப் பெரும்பாலும் அதுவும் இல்லை. கோழி இல்லாவிட்டால் கூலி இல்லை. தினமும் காலையில் செத்ததை எடுத்து எண்ணிப் பதிவேட்டில் எழுதுகிறவர்கள் அவர்கள்தான். முதலாளிக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனாலும் யாருக்கும் சொல்லாமல் இருப்பதில்தான் அவர்கள் வேலை பிழைக்கும்.

இப்போதெல்லாம் பண்ணைக்குப் போனால் என் எண்ணை அவர்களிடமும் கொடுத்துவிட்டு வருகிறேன். சில முதலாளிகளுக்கு இது பிடிப்பதில்லை. 'எதுவா இருந்தாலும் எங்கிட்டயே கேளுங்க டாக்டர்' என்று ஒருவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். சரி என்று சொல்லிவிட்டு, வெளியே வரும்போது தீவன மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடமும் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.