பீக்கனில் டியூப் லைட் கோபுரங்கள்

நியூயார்க் கிராண்ட் சென்ட்ரலில் பீக்கனுக்கு ரயில் ஏறினால் இடப்பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஹட்சன் ஆறு கூடவே வரும். ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஸ்டேஷனிலிருந்து டியா பீக்கன் நடக்கிற தூரம்தான். 1929-இல் கட்டப்பட்ட கட்டடம். நபிஸ்கோ பிஸ்கட் பெட்டிகள் அச்சான தொழிற்சாலை, 2003 முதல் கலைக்கூடம்.

நான் போனது டியூப் லைட்டிலேயே கலை செய்த அமெரிக்கக் கலைஞர் டான் ஃபிளேவினுக்காக. கடையில் கிடைக்கிற டியூப் லைட்டைத் தவிர அவர் பெரிதாக வேறெதையும் தொடவில்லை. 2, 4, 6, 8 அடி என்று கம்பெனி விற்ற நீளங்கள், விற்ற நிறங்கள், அவ்வளவே. வளைக்கவில்லை, சாயம் பூசவில்லை. 1963 மே 25 அன்று மஞ்சள் டியூப் ஒன்றை 45 டிகிரி சாய்வாகச் சுவரில் பொருத்தினார். அங்கிருந்து தொடங்கியது எல்லாம்.

பீக்கனில் என்னைக் கட்டிப்போட்டவை விளாதிமிர் தாத்லினுக்காக அவர் செய்த கோபுரங்கள். தாத்லின் 400 மீட்டர் உயர இரும்புக் கோபுரம் ஒன்றைத் திட்டமிட்ட ரஷ்யக் கலைஞர். அது கட்டப்படவே இல்லை. ஃபிளேவின் வெள்ளை டியூப்களைச் செங்குத்தாக, நடுவில் உயரமாகவும் ஓரங்களில் குட்டையாகவும் அடுக்கிவிட்டார். படத்தில் பார்த்தபோது வெறும் கோடுகள் என்றுதான் தோன்றியது. நேரில் அப்படியில்லை. வெளிச்சம் பக்கத்துச் சுவரில் வழிகிறது, தரையில் படிகிறது. நாம் நகர்ந்தால் ஓரங்களின் கூர்மையும் மாறுகிறது. வடிவம் குழாயோடு முடியவில்லை, அறை முழுக்க அதன் பங்குதான். நம் வீட்டுக் கூடத்தில் எரிகிற அதே பொருள் இவ்வளவு கம்பீரமாக நிற்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். டியூப் அணைந்தால் மாற்றிவிடுகிறார்கள். இடமும் வரிசையும் மாறாதவரை படைப்பு அதேதான். எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது.

பச்சை டியூப்களைச் சதுரச் சட்டங்களாகக் கோத்த நீண்ட வேலி ஒன்றும் உண்டு, 1973-இல் செய்தது. அதன் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கண் பச்சைக்குப் பழகிவிடும். திரும்பினால் சாதாரண வெளிச்சமே இளஞ்சிவப்பாகத் தெரியும்.

சிற்பி ரிச்சர்ட் செர்ராவின் ராட்சத இரும்பு வளையங்களும் அங்கேதான் இருக்கின்றன. அவை இழுக்கும். ஆனாலும் ஃபிளேவினுக்கு ஒரு மணி நேரமாவது தனியாக ஒதுக்கிவிடுங்கள்.