திங்கட்கிழமை வந்திருக்க வேண்டிய குழந்தை

"நீங்க சொன்னபடி கொழந்தய வெளியவே எடுக்கலீங் சிஸ்டர்."

அந்தப் பாட்டி இதைச் சொன்னபோது முகத்தில் எந்தக் குறையும் இல்லை. சொன்ன பேச்சைத் தவறாமல் கேட்ட நிறைவுதான் தெரிந்தது. கையில் ஆறு நாள் பிள்ளை. மூன்று அடுக்கு கம்பளி, காதை மூடிய குல்லா, கையுறை, காலுறை. ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தேன். நெற்றி மஞ்சள், நெஞ்சு மஞ்சள், தொடை மஞ்சள். காலுறையை உருவி உள்ளங்காலை விரலால் அழுத்தினேன். அங்கேயும் மஞ்சள்.

கக்கத்தில் வைத்த தெர்மாமீட்டர் 36.8 காட்டியது. 36.5-லிருந்து 37.5 வரை இருக்கலாம் என்பது கணக்கு. எந்தக் குளிருக்காக அவர்களை நான் பயமுறுத்தினேனோ, அந்தக் குளிர் குழந்தையைத் தொடவே இல்லை.

அதற்கு முந்தைய சனிக்கிழமை என்ன பேசினேன் என்பதைத்தான் இன்றும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். வியாழக்கிழமை காலையில் சுகப்பிரசவம். 37 வாரம் முடிந்து பிறந்த ஆண் குழந்தை. டியூட்டி டாக்டர் டிஸ்சார்ஜ் பேப்பரில் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை மஞ்சள் காமாலை பார்க்கக் கூட்டி வரச் சொல்லி இந்தியில் சொல்லிவிட்டுப் போனார். பாட்டிக்கு இந்தி தெரியாது. கோபிப் பக்கத்திலிருந்து மகளின் பிரசவத்துக்காக முதல் முறையாக டெல்லி வந்தவர். அந்த ஷிப்டில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வேறு கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, இவர்களுக்குச் சொல்லுங்கள் என்றார்கள்.

சொன்னேன். பாலூட்டுவது, தொப்புள் கொடியைக் காய விடுவது, திங்கட்கிழமை வருவது, எல்லாம். பாட்டி மலை மந்திர் பற்றி ஆரம்பித்தார். முனிர்காவில் அவர்கள் இருக்கும் சந்திலிருந்து கோயில் பக்கம்தான், முருகனுக்கு வேண்டிப் பிறந்த பிள்ளை, பேர் வைப்பதற்கு முன்னால் ஒரு தடவை படியில் படுக்க வைத்து எடுத்து வர வேண்டும் என்றார். அப்புறம் கேட்டார்: "ஏனுங் சிஸ்டர், இந்தப் பனில பச்சப்புள்ளய வெளிய தூக்கிட்டுப் போலாங்களா?"

"வேண்டாங்கம்மா. பனி குறையட்டும். இப்ப வெளிய எடுக்காதீங்க."

"எடுக்கக் கூடாது. சரிங்." அவர் திருப்பிச் சொன்னார். நான் தலையாட்டினேன்.

நான் சொன்னது கோயிலுக்கு. அவர் கேட்டதும் கோயிலைப் பற்றிதான் என்று அன்று நினைத்தேன். இன்று யோசித்தால், அவர் கேள்வியில் கோயில் என்ற சொல்லே இல்லை. நோயாளி திருப்பிச் சொல்லட்டும், சரியாகப் புரிந்ததா என்று பாருங்கள் என்று நர்ஸிங் படிப்பில் சொல்லித் தருவார்கள். அவர் திருப்பிச் சொன்னார். அதைக் கேட்டும் எனக்கு உறைக்கவில்லை.

நான் தப்பாகவும் சொல்லவில்லையே என்று ஒரு மனம் உடனே வாதாடும். அது ஜனவரி. காலையில் 5, 6 டிகிரி, எதிர்வீடு தெரியாத மூடுபனி. பிறந்த குழந்தைக்கு நம்மைப் போல உடம்பு நடுங்கிச் சூடு உண்டாக்கத் தெரியாது. கழுத்தைச் சுற்றி, தோள்பட்டைக்கு நடுவில் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சூடு பிடிக்கும். இருப்பு கொஞ்சம்தான். உடம்புக்குத் தலை பெரிது, எடைக்குத் தோல்பரப்பு அதிகம், சூடு வேகமாக வெளியே போகும். அதைச் சமாளிப்பதிலேயே ரத்தத்தில் சர்க்கரை குறைந்து, பால் குடிக்கவும் தெம்பில்லாமல் போன பிள்ளைகளை நான் தூக்கியிருக்கிறேன். அதனால் எடுக்காதீர்கள் என்று என் வாயில் வந்ததற்குக் காரணம் அலட்சியம் இல்லை, பயம். அதை அவசரமாகச் சொன்னதுதான் குற்றம் என்றால் சரி, அவசரம் இருந்தது. இன்னும் நாலு டிஸ்சார்ஜ் பாக்கி இருந்தது.

இப்படிச் சொல்லும்போதே இன்னொன்று குறுக்கே வருகிறது. பேப்பரில் திங்கட்கிழமை என்று தேதி எழுதியிருந்தது. மருமகன் படித்தவர், தேதியைப் பார்த்திருக்கிறார். ஞாயிறு இரவு மாமியாரிடம் கேட்டும் இருக்கிறார். "நம்மூர் சிஸ்டரே எடுக்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்று பாட்டி சொல்ல, அதோடு விட்டுவிட்டார். பேப்பர் ஆங்கிலத்தில் இருந்தது, டாக்டர் இந்தியில் பேசினார், நான் தமிழில் சொன்னேன். மூன்றில் என் பேச்சுதான் எடுபட்டது. அந்த ஊரில் யாருமே தெரியாத ஒரு அம்மாவுக்கு, சொந்த பாஷையில் ஒருத்தி சொன்னால் அதற்கு எவ்வளவு எடை இருக்கும் என்பதை நான் யோசித்தே பார்த்ததில்லை. அதுவரைக்கும் தமிழ் தெரிந்த நர்ஸ் என்பதை ஒரு உதவியாகத்தான் நினைத்திருந்தேன்.

ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் அந்தக் குழந்தை தரைத்தளத்தில், ஜன்னலைத் துணியால் அடைத்த ஒரு அறையில் இருந்தது. அங்கீட்டி என்ற கரியடுப்பை மூட்ட வேண்டாம், கரிப்புகை ஆளைக் கொன்றுவிடும் என்று சொல்லியிருந்தேன். அதையும் அப்படியே கேட்டிருக்கிறார்கள். உடம்பு முழுக்க மூடி, முகம் மட்டும் தெரிய, மங்கலான பல்ப் வெளிச்சத்தில் வைத்திருக்கிறார்கள். அந்த வெளிச்சத்தில் யார் முகமும் மஞ்சளாகத்தான் தெரியும். நிறைமாதப் பிள்ளைக்கும் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் மஞ்சள் ஏறும், பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். 37 வாரத்துப் பிள்ளைக்குக் கொஞ்சம் கூடுதலாக ஏறலாம். அதற்குத்தான் அந்தத் திங்கட்கிழமை. ஏறினால் பிள்ளை அசந்து தூங்கும். தூங்கினால் பால் உள்ளே போகாது, மலம் ஒழுங்காக வெளியேறாது, மஞ்சள் மறுபடி ரத்தத்துக்கே திரும்பும். "கதகதப்பா இருக்குதுங், நல்லாத் தூங்கறான்" என்று பாட்டி ஊருக்குப் போன் போட்டுச் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார். புதன்கிழமை எழுப்பியும் பால் குடிக்காதபோதுதான் மகள் அழுது, ஆட்டோ பிடித்து வந்தார்கள்.

ரத்தத்தில் மஞ்சளை உண்டாக்கும் பிலிருபின் 22. உடனே நீல விளக்குக்கு அடியில் வைத்தோம். இன்னும் ஏறினால் ரத்தம் மாற்ற வேண்டி வரலாம், மூளையையும் காதையும் பாதிக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டு, பெற்றவர்களைத் திட்டினார். தேதி எழுதிக் கொடுத்தும் ஏன் வரவில்லை, படித்தவர்கள்தானே என்றார். அந்தத் திட்டையும் நான்தான் மொழிபெயர்த்தேன். "திங்கக்கெழம வந்திருக்கணும்னு சொல்றாரும்மா" என்று குறைத்துச் சொன்னேன். பாட்டி என்னைப் பார்த்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் டாக்டரிடம், இவர்களை வர வேண்டாம் என்று சொன்னது நான்தான் என்று சொல்லவில்லை. கேஸ் ஷீட்டில் 'குறித்த நாளில் வரவில்லை' என்று எழுதப்பட்டது. இன்றுவரை அது அப்படித்தான் இருக்கிறது.

சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு மெமோ வந்திருக்கலாம். ஒன்றுமே ஆகாமலும் போயிருக்கலாம். நான் கோயிலுக்குத்தானே சொன்னேன், என் மேல் ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அன்று இரவு பஸ்ஸில் எனக்கே விளக்கிக்கொண்டு வந்தேன். அது பொய்யில்லை. ஆனால் பாட்டியின் அந்தப் பார்வைக்கு முன்னால் அது நிற்கவில்லை.

இரண்டு நாளில் மஞ்சள் இறங்கிவிட்டது. பின்னால் செய்த காது கேட்கும் சோதனையும் சரியாக இருந்தது.

அதற்குப் பிறகு பேச்சை மாற்றினேன். குளிரைப் பார்க்காதீர்கள், என்ன ஆனாலும் சொன்ன தேதிக்கு வந்துவிடுங்கள் என்று அழுத்திச் சொன்னேன். அடுத்த ஜனவரியில் ஒரு தம்பி, மனைவியையும் நாலு நாள் பெண் குழந்தையையும் பைக்கில் உட்கார வைத்து, விடிந்தும் விடியாமலும் கூட்டி வந்தார். குழந்தை துப்பட்டாவுக்குள் இருந்தது. பாதமும் வயிறும் ஜில்லென்று, 35.7. தாயின் மாரோடு வெற்றுடம்பாகச் சேர்த்து, குல்லா போட்டு, மேலே கம்பளி போர்த்தினோம். சூடு திரும்ப ஒரு மணி நேரம் ஆனது. "எப்படியாவது வரணும்னீங்களேக்கா" என்றார் அந்தத் தம்பி.

இப்போது நீளமாகச் சொல்கிறேன். வெயில் ஏறிய பிறகு வாருங்கள், பைக் வேண்டாம், உங்களுக்கு எத்தனை அடுக்கோ அதைவிட ஒன்று கூடுதலாகப் போடுங்கள், புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள், பாதம் மட்டும் சில்லென்றால் மாரோடு அணையுங்கள், பகலில் ஜன்னல் பக்கம் கொண்டுபோய் தோலை அழுத்தி நிறம் பாருங்கள். எல்லாம் சொல்கிறேன். பாதியில் அவர்கள் கண் அலைவதும் எனக்குத் தெரிகிறது.

அந்தப் பாட்டியிடமும், இரண்டாவது முறை டிஸ்சார்ஜ் ஆனபோது, இப்படித்தான் உட்கார்ந்து பத்து நிமிஷம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பேரனை மடியில் சரியாக வைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார்.

"இத்தன சொன்னா எனக்கு நெனப்பு நிக்காதுங் கண்ணு. எடுக்கலாமா, வேண்டாமா? அத மட்டும் சொல்லு."