காலையில் எரிந்து மதியம் அணைந்த ‘உப்புக் குறைவு’ விளக்கு

மூன்று மாதப் புதிர் போன ஞாயிற்றுக்கிழமைதான் விடுபட்டது. அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். உப்புத் தண்ணீர் நீச்சல் குளம் வைத்திருப்பவர்கள் யாராவது இதே சுழலில் சிக்கியிருந்தால் ஒரு மூட்டை உப்பாவது மிச்சமாகட்டும்.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் எங்கள் வீட்டுக் குளம் 50,000 லிட்டர், கான்கிரீட். உப்புத் தண்ணீரில் கரண்ட் விட்டுக் குளோரின் உண்டாக்கும் தகடுகள் கொண்ட குளோரினேட்டர் செல்லுக்கு வயது ஐந்து. வருடச் சராசரி நாளுக்கு ஆறு மணி நேரம் என்று வைத்தாலும் கிட்டத்தட்ட 11,000 மணி நேரம் ஓடியிருக்கிறது. அக்டோபர் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை ‘உப்புக் குறைவு’ விளக்கு எரிந்தது. மதியம் பார்த்தால் அணைந்திருந்தது. மறுநாளும் அதே கதை. குளிர் காலத்தில் இந்த விளக்கு வந்தால் தண்ணீர் குளிர்ந்து கிடக்கிறது என்று விட்டுவிடலாம். அப்போது தண்ணீர் 24 டிகிரி.

கடைக்குத் தண்ணீர் எடுத்துப் போனேன். அங்கே சோதனைக்கு முன்பே “விளக்கு எரிஞ்சா உப்புப் போடணும்” என்று சொல்லிவிட்டார்கள். நான்கு மூட்டை, 80 கிலோ. போட்ட பிறகும் காலையில் எரிந்தது, மதியம் அணைந்தது. வீட்டுக்கு வந்து பார்த்த டெக்னீஷியன் மதியம் இரண்டு மணிக்கு வந்தார். விளக்கு எரியவில்லை. “எல்லாம் சரியாத்தானே இருக்கு?” என்று கிளம்பிவிட்டார். அதற்கும் காசு. இன்னும் மனசு ஆறவில்லை.

அடுத்து, செல்லில் சுண்ணாம்புப் படிவோ என்று ஆசிட். ஒன்றுக்குப் பத்து கலவை, தண்ணீரை முதலில் ஊற்றி அதன் மேல் ஆசிட், பத்து நிமிடம். படிவு இருந்தால் அம்மாவின் இட்லிப் பானை அடியில் வெள்ளையாகப் படியுமே, அதுபோல் தகடுகளின் இடுக்கில் தெரியும். ஆசிட் பட்டதும் சோடா மாதிரிப் பொங்கும். எனக்கு நான்கைந்து குமிழிதான் வந்தது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். படிவே இல்லாத செல்லுக்கு ஆசிட் விட்டால் போவது தகடுகளின் மேலுள்ள பூச்சுதான். இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறையும் விட்டேன். அது தேவையே இல்லை.

நவம்பரில் வெயில் ஏறியது. செல்லின் தினசரி எட்டு மணி நேர ஓட்டத்தைப் பத்தாக்கினேன். அதோடு விளக்கின் நேர ஒழுங்கும் போய்விட்டது. ஒருநாள் காலையில் எரியும், மறுநாள் மதியம், அதற்கடுத்த நாள் இரண்டு வேளையும். குளோரின் மெல்லக் கீழே போனது. பாசிதான் தின்கிறதோ என்று ராத்திரி செல்லை அணைத்துவிட்டு அளந்தேன். பத்து மணிக்குக் குளோரின் 3.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), விடிவதற்கு முன் 3.0. ராத்திரியில் அரைதான் குறைகிறது என்றால் தண்ணீரில் எதுவும் தின்னவில்லை. உற்பத்திதான் படுத்திருக்கிறது.

உப்பைச் சொட்டு முறையில் அளந்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். 10 மில்லி தண்ணீர், மஞ்சள் நிறம் செங்கல் நிறமாகும் வரை சில்வர் நைட்ரேட், சொட்டுக்கு 200 பிபிஎம். இருபத்தைந்தாவது சொட்டில் மாறும் என்று நினைத்து எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பது தாண்டியும் மஞ்சள். 33-இல் மாறியது. 6,600! செல்லுக்குக் கரண்ட் அனுப்பும் என் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு மேல் எல்லையே 6,000. அந்த 80 கிலோ மட்டும் 1,600 ஏற்றியிருக்கிறது. அப்படியானால் முதலிலேயே 5,000 இருந்திருக்கிறது, குறையே கிடையாது. இந்தப் பெட்டி உப்பை அளப்பதே இல்லை. செல் வழியே எவ்வளவு கரண்ட் போகிறது என்று பார்த்து உப்பை ஊகிக்கிறது. கரண்ட் எந்தக் காரணத்தால் குறைந்தாலும் அதற்கு அது ‘உப்புக் குறைவு’தான்.

ஆகவே கரண்டை அளக்க வேண்டும். வயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்டை அளக்கும் என் கிளாம்ப் மீட்டர் எதற்கும் அசையவில்லை. பக்கத்துத் தெருவில் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் இருக்கிறார், எலக்ட்ரீஷியன். பார்த்தவுடனே சொன்னார்: “தம்பி, இது ஏசிக்கு மட்டுந்தான். செல்லுக்குப் போறது டிசி. என்னட்டை டிசி கிளாம்ப் ஒண்டு கிடக்கு, கொண்டுபோய்ப் பாரும். ரெண்டு வயரையும் சேர்த்துப் பிடிச்சா சைபர்தான் காட்டும், ஒண்டை மட்டும் பிடியும்.”

இந்த ஒரு வேலைக்கே எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டு வயரும் ஒரே உறைக்குள் வருகின்றன. பெட்டியைத் திறக்க மாட்டேன், உள்ளே 230 வோல்ட். செல் பிளக் அருகில் உறை முடிந்து வயர்கள் பிரியும் இடம் இரண்டு விரல் அகலம்தான். அதற்குள் கிளாம்பின் தாடையைச் சாய்த்து நுழைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அளப்பதற்கு முன், அதே இடத்தில் அதே கோணத்தில் வைத்துச் சைபர் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் வயரே இல்லாமல் 0.4 ஆம்பியர் காட்டுகிறது.

காலை ஒன்பது மணிக்கு 2.9 ஆம்பியர். விளக்கு எரிகிறது. ஓட்டத்தை மறுபடி எட்டு மணி நேரத்துக்கு மாற்றியிருந்தேன். மதியம் துருவம் (கரண்ட் போகும் திசை) மாறியதும் கிளாம்ப் மைனஸ் காட்டியது: 7.1. விளக்கு அணைந்தது. மூன்று நாள் விடாமல் அளந்தேன், மாறவே இல்லை. தகடுகளில் படிவு பிடிக்காமல் இருக்க என் பெட்டி நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை துருவம் மாற்றும். எட்டு மணி நேர ஓட்டத்தில் காலை ஒரு திசை, மதியம் மறு திசை. பத்து மணி நேரமாக்கியதும் அது தினமும் நகர்ந்திருக்கிறது.

காரணம், தகடுகள் செய்யப்பட்ட டைட்டானியத்தின் குணம். வெறும் டைட்டானியம் கேத்தோடாக (எதிர்முனை) இருந்தால் கரண்டைச் சாதாரணமாக விடும். ஆனோடாக (நேர்முனை) மாறிய நொடியே மேலே ஆக்சைடு படலம் போட்டு அடைத்துக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் ருத்தேனியம் ஆக்சைடு பூச்சு. 1960களில் ஹென்றி பீர் குளோரின் தொழிற்சாலைகளுக்காகக் கண்டுபிடித்தது, இன்று நம் வீட்டுச் செல்லில் இருக்கிறது. என் செல்லில் ஒரு பக்கத் தகடுகளுக்குப் பூச்சு போய்விட்டது, மறுபக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. பாதிச் செல். ஆசிட்டோ உப்போ இதைத் திருப்பித் தராது.

புதுச் செல்லை ஆன்லைனில் வாங்கினேன். பெட்டி தயாரித்த நிறுவனத்துடையது அல்ல, பொருந்தும் வகை, பாதி விலை. வாங்கும் முன் தகடுகளின் எண்ணிக்கையும் அளவும் பழையதோடு ஒத்துப்போகிறதா என்று கேட்டு எழுதி வாங்கினேன். தகடு குறைந்த செல் அதே கரண்டைக் குறைந்த பரப்பில் தாங்க வேண்டும், சீக்கிரம் தேயும். விற்பவர் படம் எடுத்தே அனுப்பினார், நல்ல மனிதர். ஓ-ரிங் (நீர் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) மட்டும் அதோடு வந்தது மெல்லியதாக இருந்ததால் தனியே வாங்கிப் போட்டேன்.

மாட்டுவதற்கு முன் உப்பை இறக்க வேண்டியிருந்தது. இடி மழை வருகிறது என்று தெரிந்ததும் பதினைந்து சென்டிமீட்டர் தண்ணீரைச் சாக்கடையில் விட்டேன். இப்படி இரண்டு முறை. ஒருமுறை மழையே நிரப்பியது, இன்னொரு முறை பாதிக்கு மேல் குழாய்த் தண்ணீர். நிரம்பிய குளத்தில் மழை பெய்தால் நல்ல தண்ணீர் மேலேயே நின்று பெரும்பாலும் வழிந்து போய்விடும், உப்பு அவ்வளவாகக் குறையாது. முன்கூட்டி இறக்கி வைப்பதுதான் வழி. இப்போது 27 சொட்டு, 5,400.

புதுச் செல்: ஒரு திசை 6.9, மறு திசை 6.8. கிளாம்பைத் திருப்பிக் கொடுக்கவே மனம் வரவில்லை, ஒன்று சொந்தமாக வாங்கப் போகிறேன். மாதம் ஒருமுறை இரண்டு திசையும் அளந்து சுவரில் எழுதி வைக்க எண்ணம். துருவ மாற்றத்தை எட்டு மணி நேரமாக்கலாமா என்றும் யோசிக்கிறேன். ஒவ்வொரு மாற்றமும் பூச்சைக் கொஞ்சம் தின்னும். ஆனால் கால்சியம் 380 இருக்கையில் படிவு பிடிக்குமோ என்ற பயமும் இருக்கிறது. அதற்கு முன் ஆல்கலினிட்டியை (தண்ணீரில் கரைந்த கார உப்புகளின் அளவு) 140-இலிருந்து 80-க்குக் கொண்டுவர வேண்டும், அப்போதுதான் பிஎச் (அமில-கார அளவு) தினமும் ஏறுவது மட்டுப்படும்.

பழைய செல்லின் உறையை ஹேக்ஸாவால் அறுத்துப் பார்த்தேன். ஒன்று விட்டு ஒரு தகட்டில், தண்ணீர் நுழையும் ஓரத்திலிருந்து உள்ளங்கை அளவுக்குப் பூச்சு போய்ச் சாம்பல் நிற உலோகம் மினுங்கியது. இடையில் இருந்தவை விரலில் கறுப்பு ஒட்டாத அளவுக்கு உறுதியாகக் கறுத்திருந்தன.

தண்ணீரை மாற்றியதில் ஸ்டெபிலைசரும் (வெயிலில் குளோரின் அழியாமல் காக்கும் பொருள்) 25-க்கு இறங்கிவிட்டது. இன்னும் கொஞ்சம் ஸ்டெபிலைசரைப் பழைய காலுறையில் கட்டித் தண்ணீர் வரும் வாய்க்கு முன்னால் தொங்க விட்டிருக்கிறேன். கரைய ஒரு வாரம் ஆகும். அதற்குப் பிறகுதான் குளோரின் எவ்வளவு தங்குகிறது என்று சரியாக அளக்க முடியும்.